சாங்ஷனுக்கு ஒரு பக்கம்

அந்த ஆங்கிலச் சொல் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் அறிமுகமாகவில்லை, வீட்டு வாசலில் அறிமுகமானது. கிணற்றுக்கு மோட்டார் வைக்க அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தார். மாதக்கணக்கில் நடையாய் நடந்தார். ஒரு சாயங்காலம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே, “சாங்ஷன் ஆயிடுச்சு” என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, உலையை இறக்கி வைத்துவிட்டுப் பாயசத்துக்குப் பால் ஏற்றினார். சாங்ஷன் என்றால் நல்ல செய்தி. பத்து வயதில் மனதில் பதிந்த இந்தப் பொருளை இருபத்து மூன்று வயதுவரை அவர் ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்படக் காரணமும் இல்லை. ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கிய சொல் அது. லீவு சாங்ஷன் ஆனது, பென்ஷன் சாங்ஷன் ஆனது, ஆற்றுக்குப் பாலம் சாங்ஷன் ஆனது.

1990-ல் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் அவர் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இரவுப் பணி. டெலிபிரிண்டர் ஓயாமல் தடதடக்கும். காகிதச் சுருளைக் கிழித்து, செய்தி செய்தியாகப் பிரித்து, ஆளுக்குக் கொஞ்சம் என்று மேஜையில் வைப்பார்கள். ஆங்கிலக் காப்பியை இடது பக்கம் வைத்துக்கொண்டு, வெட்டிய நியூஸ்பிரிண்ட் தாளில் தமிழில் எழுத வேண்டும். அகராதியைப் புரட்ட யாருக்கும் நேரம் இருக்காது. தெரிந்த சொல் என்றால் கை தானாக எழுதிக்கொண்டே போகும். பெரும் பிழைகள் நடப்பது தெரியாத சொற்களில் என்றுதான் அப்போது அவர் நினைத்திருந்தார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 2-ம் தேதி இராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. 6-ம் தேதி ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 661-ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. இராக்கோடு எந்த நாடும் வாங்கவோ விற்கவோ கூடாது, மருந்தும் மனிதாபிமான அடிப்படையிலான உணவும் மட்டும் விதிவிலக்கு. அதை ஒட்டி வந்த ஒரு சின்னக் காப்பி புதிய பையனிடம் தள்ளப்பட்டது. எந்தெந்த நாடுகள் ‘சாங்ஷன்ஸ் ஆன் இராக்’ முடிவை ஆதரிக்கின்றன என்பதுதான் விஷயம். அவர் தலைப்பு எழுதினார்: ‘இராக் மீதான ஐ.நா. அனுமதிக்கு உலக நாடுகள் ஆதரவு.’

வெளியூர் பஸ்களில் போகும் டாக் எடிஷன் அந்தத் தலைப்போடு அச்சாகிப் போய்விட்டது. சிட்டி எடிஷனுக்குப் பக்கம் பார்க்கும்போதுதான், தலைமை உதவி ஆசிரியரான சீஃப் சப் கண்ணில் பட்டது. அவர் கத்தவில்லை. பையனைக் கூப்பிட்டு நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார்.

“சாங்ஷன்னா என்ன தம்பி?”

“அனுமதி சார்.”

“சரி. ‘இராக் மீதான அனுமதி’. இப்படித் தமிழ்ல யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா?”

பதில் வரவில்லை.

“அனுமதியை ஒருத்தருக்குக் கொடுப்போம். ஒருத்தர் மேல போடுவமா? மேல போடுறது வரி, அபராதம், பழி, தடை. உன் காதே உனக்குச் சொல்லியிருக்கணும்.” ஆங்கிலக் காப்பியை எடுத்து ‘ஆன்’ என்ற இரண்டெழுத்துச் சொல்லின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். பிறகு ‘சாங்ஷன்ஸ்’ என்ற சொல்லின் கடைசி ‘எஸ்’ஸைச் சுற்றி ஒரு வட்டம். “இது ரெண்டையும் பாத்திருந்தா போதும். நடுவுல இருக்கிற சொல்லைப் பத்தி நீ கவலையே பட்டிருக்க வேண்டாம்.”

அந்த டாக் எடிஷன் எத்தனை டீக்கடைகளில், எத்தனை பேர் கையில் விரிந்திருக்கும் என்று நினைத்து அன்று விடியும்வரை அவர் தூங்கவில்லை. ஒரு நாட்டுக்கு விழுந்த அடியை, அதற்குக் கிடைத்த ஆசீர்வாதமாக வாசகருக்குச் சொல்லியாயிற்று. மறுநாள் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் ஒரு பழைய ஆங்கில அகராதியும், ஒரு லாங் சைஸ் நோட்டும் வாங்கினார். நோட்டில் சொல்லுக்கு ஒரு பக்கம். முதல் பக்கம் சாங்ஷனுக்கு.

வாங்கிய அகராதி ஹார்ன்பியுடையது. ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டவருக்கென்றே உருவான அகராதி என்பதை அவர் அதன்பிறகுதான் அறிந்தார். ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவருடைய அகராதி முதலில் வெளிவந்ததும் 1942-ல் டோக்கியோவில்தான். 1948-ல் ஆக்ஸ்போர்டு பதிப்பாக வந்தபிறகு அது உலகம் முழுக்கப் போனது. பொருள் சொல்வதோடு ஹார்ன்பி நிற்கவில்லை. எண்ணக்கூடிய பெயர்ச்சொல்லுக்கு ‘சி’, எண்ண முடியாததற்கு ‘யு’ என்று குறி வைத்தார். ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த மாதிரி வாக்கியத்தில் உட்காரும் என்று வகுத்துக் காட்டினார். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவருக்கு இதெல்லாம் தேவைப்படாது. ஜப்பானிய மாணவருக்குத் தேவைப்பட்டது, சென்னையில் இரவுப்பணி பார்த்த பையனுக்கும் தேவைப்பட்டது. சாங்ஷனை அந்தக் கண்ணால் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. எண்ண முடியாத ஒருமையாக வந்தால் ஒப்புதல். பெரும்பாலும் பன்மையில், எண்ணக்கூடியதாக வந்தால் தண்டனை.

சீஃப் சப் சொன்னது மொழியியலிலும் உண்டு என்பது பின்னால் தெரியவந்தது. லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு லண்டன் திரும்பிய ஜே.ஆர். ஃபர்த், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய முடியும் என்ற கருத்தை 1950-களில் முன்வைத்தார். அவர் வழிவந்த ஜான் சின்க்ளேர், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நிஜமான ஆங்கில வாக்கியங்களைக் கணினியில் திரட்டி, 1987-ல் ‘கோபில்ட்’ அகராதியைக் கொண்டுவந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. மயில் அகவும், யானை பிளிறும், ஆந்தை அலறும் என்று மரபுச் சொற்களைத் தொடக்கப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். யானை அகவியது என்று எழுதினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். அதே பிள்ளை ஆங்கிலம் படிக்கும்போது மட்டும் ‘சாங்ஷன் என்றால் அனுமதி’ என்று ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல்லாக உருப்போட வைக்கிறோம். இது பெரிய அநியாயம் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

அவருடைய நோட்டில் சாங்ஷன் பக்கத்தின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. ஒரு பக்கம், ஒருமைச் சொல்லோடு சேர்ந்து வருபவை: கேட்பது, பெறுவது, வழங்குவது, மறுப்பது, நிறுத்தி வைப்பது. மறுபக்கம், பன்மைச் சொல்லோடு வருபவை: விதிப்பது, இறுக்குவது, தளர்த்துவது, நீக்குவது, மீறுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றன்றைய செய்தியிலிருந்து எடுத்த ஒரு வாக்கியம், தேதியோடு. முப்பது வருடத்தில் பக்கம் நிரம்பி, ஓரத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, அதுவும் நிரம்பியிருக்கிறது.

ஒரே சொல் எப்படி அனுமதியாகவும் தண்டனையாகவும் ஆனது? இதற்கு விடை தேடி அவர் லத்தீன் வரை போனார். ‘சாங்கீரே’ என்ற லத்தீன் வினைக்கு ஒன்றைப் புனிதமாக்கி, மீற முடியாததாக்குவது என்று பொருள். ‘சாங்டுஸ்’ என்ற சொல்லும் இதே குடும்பம். அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘செயின்ட்’ வந்தது. போர்ச்சுகீசியர் வாயில் ஏறி இறங்கி நம் மயிலாப்பூருக்குப் பக்கத்தில் சாந்தோமாக நிற்பதும் அதுவே. ரோமானியச் சட்டத்தில், மீறினால் என்ன நேரும் என்று சொல்லும் பிரிவுக்கு ‘சாங்டியோ’ என்று பெயர். சட்டத்துக்கு முத்திரை குத்தி உறுதிப்படுத்துவதும் அந்தச் சொல், அந்த உறுதிக்குப் பின்னால் நிற்கும் தண்டனையும் அந்தச் சொல். 1713-ல் புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ், தன் ஆட்சிப் பகுதிகள் மகள் வழிக்கும் போகலாம் என்று பிறப்பித்த ஆணைக்கு ‘பிராக்மாடிக் சாங்ஷன்’ என்று பெயர். மகள் மரியா தெரசா ஆட்சிக்கு வந்தது அந்த ஆணையின் பலத்தில். அங்கே சொல் வெறும் ‘ஆணை’யாகத்தான் நிற்கிறது.

தமிழில் ‘ஆணை’யும் இப்படித்தான். அரசாணை என்றால் உத்தரவு, ‘உன்மேல் ஆணை’ என்றால் சத்தியம். இரண்டுக்கும் அடியில் இருப்பது மீறக்கூடாது என்ற அச்சம்.

இன்னும் நெருக்கமான ஒரு தமிழ்ச் சொல்லை ஒரு நாள் அவர் கண்டுபிடித்தார். மதுவிலக்கு என்றால் மது கூடாது என்ற தடை. வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம் என்ற சலுகை. ‘விலக்கப்பட்ட கனி’யைத் தொடக்கூடாது, ‘விலக்கு பெற்றவர்’ தொல்லையிலிருந்து தப்பியவர். ஒரே ‘விலக்கு’ ஓரிடத்தில் கையைத் தட்டிவிடுகிறது, இன்னோரிடத்தில் முதுகைத் தட்டிக்கொடுக்கிறது. நாம் குழம்புகிறோமா? முன்னால் நிற்பது மதுவா வரியா என்று பார்த்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் புரிந்துகொள்கிறோம். பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்குச் சாங்ஷனை விளக்க இதைவிட நல்ல உதாரணம் அவருக்குக் கிடைத்ததே இல்லை.

நாடுகளுக்கிடையிலான தண்டனை என்ற பொருள் நாளிதழ்களில் வேரூன்றியது ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் காலத்தில். முசோலினியின் இத்தாலி அபிசீனியா மீது படையெடுத்தபோது, 1935 நவம்பரில் சங்கம் விதித்த சாங்ஷன்ஸ் எண்ணெயைத் தொடவே இல்லை. அடுத்த ஜூலையில் அவை கைவிடப்பட்டன. ஐ.நா. கட்டாயமாக விதித்த முதல் சாங்ஷன்ஸ் 1966-ல் தெற்கு ரொடீஷியா மீது. இந்தியாவோ அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1946-ல், நிறவெறித் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சொல் இந்தியா மீதே வந்து விழுந்தது 1998-ல். மே 11, 13 ஆகிய தேதிகளில் பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனை. உடனே அமெரிக்கா, 1994-ல் இயற்றிய கிளென் திருத்தத்தின்படி சாங்ஷன்ஸ் விதித்தது. உலக வங்கி இந்தியாவுக்கான கடன்களை ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்வதைத் தள்ளிப்போட்டது. அந்த நாட்களில் மேஜையில் வந்து விழுந்த காப்பிகளில் இரண்டு சாங்ஷனும் பத்தி மாறி பத்தி வந்தன. சாங்ஷன்ஸ் வந்ததால் லோன் சாங்ஷன் ஆகவில்லை! அப்போது அவருக்கு எட்டு வருட அனுபவம். ஒவ்வொரு முறை அந்தச் சொல் வரும்போதும் பேனா நின்று, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. கடனுக்கு ‘ஒப்புதல்’, அமெரிக்க நடவடிக்கைக்குப் ‘பொருளாதாரத் தடை’ என்று பிரித்து எழுதினார். அந்தத் தடைகள் நீங்க 2001 செப்டம்பர் ஆயிற்று.

‘பொருளாதாரத் தடை’ என்ற அந்த மொழிபெயர்ப்பில் அவருக்கு இருந்த நிம்மதியைக் குலைத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சென்னையில் தங்கியிருந்த ஒரு நண்பர். “அண்ணை, எங்களுக்குப் பொருளாதாரத் தடை எண்டால் வேற” என்றார். 1990-க்குப் பிறகு வடக்குக்குப் பெட்ரோல், பேட்டரி, சிமெண்ட், உரம் என்று எதுவும் போகவிடாமல் இலங்கை அரசு தடுத்த காலத்தை அவர் விவரித்தார். ஜாம் போத்தலில் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் போட்டு ஏற்றிய விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். அந்த வாழ்க்கைக்கு அவர்கள் வைத்த பெயர் பொருளாதாரத் தடை. ஆங்கிலத்தில் அதற்குப் பொருந்துவது ‘எம்பார்கோ’, அதாவது சரக்குப் போக்குவரத்தையே மறிப்பது. சாங்ஷன்ஸ் அதைவிட அகலமானது. ஒரு தனி மனிதரின் வங்கிக் கணக்கை முடக்குவதும், விசா மறுப்பதும், ஆயுதம் விற்க மாட்டோம் என்பதும் அதற்குள் அடங்கும். ஒரு தளபதிக்கு விசா மறுத்த செய்திக்குப் ‘பொருளாதாரத் தடை’ என்று தலைப்பு வைத்தால் அது பொய். அதன்பிறகு அவர் எதற்குத் தடை என்பதைத் தேடிப் பிடித்துச் சேர்த்தே எழுதினார்: பயணத் தடை, சொத்து முடக்கம், ஆயுதத் தடை. சொல் நீளும், தலைப்பில் இடம் பிடிக்கும். பரவாயில்லை.

உள்ளூர்ச் செய்தியில் பிழை வந்தால் ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ன் 19-வது பிரிவின்படி, அரசு ஊழியர் மீதான வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும். அந்த முன் அனுமதியைச் சட்டம் சாங்ஷன் என்றே சொல்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 197-வது பிரிவும், அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-வது பிரிவும் இதே வகை. ‘சாங்ஷன் மறுப்பு’ என்றால் அந்த அதிகாரி குற்றமற்றவர் என்று ஆகாது. ‘சாங்ஷன் வழங்கப்பட்டது’ என்றால் தண்டிக்கப்பட்டார் என்றும் ஆகாது. வழக்கு நடக்கக் கதவு திறந்தது, அவ்வளவுதான். ஒரு மனிதரின் மானம் இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. தமிழக அரசாணைகளில் நிதிக்கு வரும் சாங்ஷனை ‘ஒப்பளிப்பு’ என்று அழகாக எழுதுகிறார்கள். நாளிதழ்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு. பணத்துக்கு ஒப்பளிப்பு, வழக்குக்கு முன் அனுமதி என்று பழகியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

பெயர்ச்சொல்லையாவது ‘எஸ்’ காட்டிக்கொடுக்கும். வினைச்சொல்லாக வரும்போது அந்த உதவியும் கிடையாது. நெடுங்காலம் சாங்ஷன் என்ற வினைக்கு அங்கீகரித்தல் என்றே பொருள். தடை விதித்தல் என்ற பொருள் இருபதாம் நூற்றாண்டில் வந்து ஒட்டியது. இன்று வாஷிங்டன் செய்திகளில் அதுதான் முன்னே நிற்கிறது. ஆகவே வினை வந்தால் யார், யாரை, எதற்காக என்று செய்தி முழுவதையும் படித்த பிறகே கை வைக்க வேண்டும் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தச் செய்தியின் ஆங்கிலத் தலைப்பில் சாங்ஷன் வினையாக வந்திருந்தது. பயிற்சி இளைஞர் ஒருவர் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்து வந்தார்: ‘வழக்கறிஞர்களுக்கு நீதிபதி அனுமதி.’ முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய தன்னுடைய தலைப்பே எதிரே வந்து நின்றது போல அவருக்கு இருந்தது. நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். “தப்பு செஞ்சவங்களுக்கு நீதிபதி எதுக்குத் தம்பி அனுமதி கொடுக்கப் போறாரு?” என்றுதான் தொடங்கினார்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நோட்டு இன்னும் மேஜையில் இருக்கிறது. பழைய பயிற்சி இளைஞர்கள் இரவு நேரத்தில் போன் செய்வார்கள். ரஷ்ய எண்ணெய் பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்த சமயம், அவர்களில் ஒரு பெண் கூப்பிட்டார். இந்திய நிறுவனங்கள் ‘நான்-சாங்ஷண்டு’ விற்பனையாளர்களிடம் மட்டும் எண்ணெய் வாங்கும் என்று காப்பியில் இருக்கிறது.

“‘அனுமதி பெறாத நிறுவனங்களிடம்’னு எழுதிட்டேன் சார். பக்கம் போறதுக்குள்ள என்னமோ இடிக்குது.”

“எங்கம்மா இடிக்குது?”

“அனுமதி பெறாதவங்ககிட்ட மட்டும் வாங்குவோம்னு ஒரு கம்பெனி வெளிப்படையா சொல்லுமா சார்?”

அவருக்குத் தொண்டை அடைத்தது. காது வேலை செய்திருக்கிறது. ‘அன்-சாங்ஷண்டு’ என்று வந்தால் பெரும்பாலும் அனுமதி பெறாதது, 2007-ல் கிரிக்கெட் வாரியத்தின் அங்கீகாரம் இல்லாமல் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீக் மாதிரி என்றும், எண்ணெய்ச் சந்தையில் ‘நான்-சாங்ஷண்டு’ என்று வந்தால் தடைப் பட்டியலில் இல்லாதது என்றும் சொன்னார். இரண்டு முன்னொட்டுக்கும் ‘இல்லை’ என்பதே பொருள். ஒட்டியதும் சொல் வெவ்வேறு பக்கம் போய்விடுகிறது.

“அப்ப ‘தடைப் பட்டியலில் இல்லாத விற்பனையாளர்கள்’. சரியா சார்?”

“சரிம்மா. போடு.”

போனை வைத்துவிட்டு நோட்டை விரித்தார். ஒட்டுத்தாளில் இடம் இல்லை. புதிதாக ஒரு தாளைக் கத்தரித்து, பசை தடவி, முதல் பக்கத்தின் கீழ் விளிம்பில் ஒட்டினார். அது காய்வதற்குக் காத்திருந்து, தேதி போட்டு, அந்தப் பெண் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதினார்.